கீழே இருக்கிறவர்கள்

செபஸ்தியானைக் கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். பங்குசாமியார் வரவில்லை. கோயில் மணி அடிக்கவில்லை. பாலக்கரைத் தையல் கடையில் அவனோடு மிஷின் மிதித்தவர்கள் சிலரும், பக்கத்து வீட்டு ஷரபுன்னிசாவின் புருஷனும் சேர்ந்து பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ஒருவர் பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். பாதியில், இந்த இடத்தில் இதைச் சொல்லலாமா கூடாதா என்று சந்தேகம் வந்து, வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் மண் விழுகிற சத்தம் மட்டும்தான்.

அது 1958, ஆவணி மாதம். மதிலுக்கு உள்ளே, புங்கமரத்தடியில், அவனுடைய மகள் அக்னஸ் இருந்தாள். ஆறு வயதில் தொண்டை அடைப்பான் கண்டு செத்துப்போன பெண். அந்தச் சின்னச் சிலுவைக்குப் பக்கத்தில் இடம் கேட்டுத்தான் அவன் மனைவி வியாகுலம்மாள் முந்தின நாள் பங்குசாமியாரின் காலில் விழுந்திருந்தாள்.

பங்குசாமியார் கெட்டவர் இல்லை. அவளை எழுப்பி உட்காரச் சொன்னார்.

"கால் வழுக்கி விழுந்திருப்பாராம்மா? ஆத்துல தண்ணி ஜாஸ்தியா இருக்கு. குளிக்க இறங்கி வழுக்கியிருக்கலாம் இல்லையா?"

ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அவர் அப்படிக் கேட்டார். அது அவளுக்கு அப்போது புரியவில்லை. சாமியாரிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"இல்லைங்க சாமி. செருப்பைக் கழட்டி ஜோடியா வச்சிருக்காரு. சட்டையை மடிச்சு, அதுமேல செபமாலையை வச்சிருக்காரு. தெரிஞ்சுதான் போயிருக்காரு."

"புத்தி பேதலிச்சிருந்ததா? டாக்டர் யாராவது பாத்தாங்களா?"

"புத்தி நல்லாத்தாங்க இருந்துச்சு. மனசுதான் இல்லை."

பங்குசாமியார் மேஜைமேல் திறந்திருந்த பதிவேட்டை மூடினார். "அப்படின்னா என் கையில ஒண்ணும் இல்லைம்மா" என்றார். "தானா உயிரை விட்டவங்களை மந்திரிச்ச மண்ணுல வைக்கத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கலை."

அக்னஸ் போன பிறகு செபஸ்தியான் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். மிஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கும், கை துணியைத் தள்ளும்; ஆனால் நூல் அறுந்து போனதுகூடத் தெரியாமல் வெறும் ஊசியில் ஒரு முழுச் சட்டையை ஓட்டிவிடுவான். கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பதையும் விட்டான். ஆற்றுக்குப் போன அன்று காலை, துணி வாங்கி வருவதாகச் சொல்லி ஜீயபுரம் பஸ் ஏறினான். ஜீயபுரத்தில் துணிக்கடை எதுவும் கிடையாது என்பது அவன் போன பிறகுதான் வியாகுலம்மாளுக்கு உறைத்தது. ஆறு அவனை இழுத்துக்கொண்டு வந்து, மறுநாள், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் பக்கத்தில் விட்டது.

"'ஆமாங்க சாமி, வழுக்கி விழுந்துட்டாரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று தெருப்பெண்கள் பிறகு அவளிடமே கேட்டார்கள். "உன் வாயாலேயே அந்த மனுசனை வெளியில தள்ளிட்டியேடி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குசாமியார் மன்னிப்புப் பெறாமல் செத்தால் நரகத்தில் தள்ளுகிற சாவான பாவங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யார் பெயரையும் சொல்லவில்லை. "நித்திய நரகம்" என்றபோது மட்டும் பெண்கள் பக்கத்தில் ஏழெட்டு முக்காடுகள் திரும்பி அவளைப் பார்த்தன.

அந்தச் சொல் அவளோடு வீட்டுக்கு வந்தது. அடுப்பு மூட்டும்போது அது அங்கே இருந்தது. அவள் எரிகிற விறகுக்கு மேலே கையை நீட்டி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தாள். ஷரபுன்னிசா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, ஓடி வந்து கையை இழுத்தாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"பைத்தியமா உனக்கு? காஜா எடுக்கற கையைச் சுட்டுக்கிட்டா சோத்துக்கு என்ன பண்ணுவே?"

சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டு நூல் கட்டுகிற காஜா வேலையைத்தான் இருவரும் செய்துவந்தார்கள். ஒரே கடைக்கு, ஒரே கூடத்தில் உட்கார்ந்து.

"அவருக்கு எப்பவும் இப்படித்தானே இருக்கும்" என்றாள் வியாகுலம்மாள். "நான் கையை எடுத்துக்கலாம். அவரு எடுத்துக்க முடியாது."

ஷரபுன்னிசா தேங்காயெண்ணெய் தடவினாள். ஆறுதலாக ஒரு பொய் சொல்ல அவளுக்கும் வரவில்லை. "எங்கள்ல நரகத்தை ஜஹன்னம்னு சொல்லுவோம். இப்படிப் போனவங்களுக்கு எங்க பள்ளிவாசல் அஜ்ரத்தும் இதையேதான் சொல்லுவாரு. ஆனா அல்லாவோட ரஹ்மத்து, அவனோட கருணை, எவ்வளவுன்னு அஜ்ரத்து அளந்தா பாத்தாரு?"

வியாகுலம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் வேறொரு கணக்கில் இருந்தாள்.

"பாப்பா ஞானஸ்நானம் வாங்குன புள்ள. பாவம் பண்ற வயசுக்கு முன்னாடியே போயிட்டா. நேரா மோட்சம்தான். அவரு அங்க. ரெண்டு பேரும் ரெண்டு இடத்துல. நான் எங்க போறது, ஷரபு?"

"நீ இங்க இரு."

"செத்தா எங்க போறதுன்னு கேக்கறேன். நல்லபடியா வாழ்ந்து, பாவசங்கீர்த்தனம் பண்ணி, நன்மை வாங்கிச் செத்தா பாப்பாகிட்டப் போவேன். அவரை இனிமே பாக்கவே முடியாது. பாப்பாவுக்கு ஆண்டவர் இருக்காரு, மாதா இருக்காங்க, சம்மனசுங்க இருக்காங்க. அவருக்கு யாரு இருக்கா?"

ஷரபுன்னிசா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள்.

அம்மா மண்டபத்தில் செபஸ்தியானைக் கரையேற்றியபோது, குளிக்க வந்திருந்த ஒருவர் தன் மேல்வேஷ்டியை அவன்மேல் போர்த்தியிருந்தார். வியாகுலம்மாள் அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து எடுத்துக்கொண்டு ஒரு நாள் ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். உத்தர வீதியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். அழகியமணவாளய்யங்கார், உயர்நிலைப் பள்ளியில் சம்ஸ்கிருதம் கற்பிக்கிறவர். வாசலுக்கு வந்தவர் துணியைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டார். கை நீட்டவில்லை.

"அதை நான் திருப்பி வாங்கிக்கப்படாதும்மா. பிரேதத்து மேல போட்டது. தப்பா நினைச்சுக்காதே. யாராவது இல்லாதவாளுக்குக் கொடுத்துடு."

அவள் துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போகாமல் நின்றாள்.

"சாமி, நரகம்கிறது சம்ஸ்கிருத வார்த்தைங்களா?"

அவர் திடுக்கிட்டார். "ஏம்மா கேக்கறே?"

"அர்த்தம் தெரியணும்."

அவருக்குப் போகச் சொல்லவும் மனம் வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "கீழே போறதுன்னு ஒரு அர்த்தம் சொல்லுவா. இன்னொண்ணும் உண்டு. ரமிக்கறதுக்கு, அதாவது சந்தோஷமா இருக்கறதுக்கு, துளிக்கூட இடமில்லாத இடம்னு."

"அது எங்க வீடுங்க சாமி."

ஐயங்கார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அது சாஸ்வதம் இல்லைம்மா. பாபம் தீர்ற வரைக்கும் இருந்துட்டு வெளியில வந்துடலாம். மறுபடி ஒரு ஜன்மம் உண்டு. பகவான் யாரையும் அங்கேயே போட்டு வைக்கறதில்லை."

"எங்களுதுல வெளிய வர முடியாதுங்க."

காவேரிப் பாலத்தில் நடந்து திரும்பும்போது அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. இந்த ஸ்ரீரங்கத்துக் கரையில் பிறந்திருந்தால் அவள் புருஷன் என்றைக்காவது வெளியே வந்திருப்பார். அந்தக் கரையில் பிறந்ததால் வர முடியாது. பாலத்துக்குக் கீழே அதே தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மேல்வேஷ்டியைப் பாலத்து முனையில் உட்கார்ந்திருந்த ஒரு குருட்டுப் பிச்சைக்காரனின் தோளில் போட்டுவிட்டு நடந்தாள்.

அவள் அடுத்துப் போனது அடைக்கலராஜ் சாமியாரிடம். அவர் லால்குடிப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ரோமாபுரியில் படித்து வந்து, சாமியாராகப் படிக்கிற குருமடத்துப் பிள்ளைகளுக்கு லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, சட்டென்று வெட்கப்படுகிற மனிதர். அவருடைய அங்கிகளைத் தைத்தவன் செபஸ்தியான்தான். அடக்கத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். போகவில்லை. அதனால் அவளைப் பார்வையாளர் அறையில் கண்டதும் அவருக்கு முகம் சிவந்தது. என்ன கேட்கப் போகிறாளோ என்று பயந்தார். அவள் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டபோது அவருக்கு உயிர் வந்தது. சொல் என்றால் அவருக்குத் தெரியும்.

"வேதத்துல நரகத்துக்கு ஒரே வார்த்தை இல்லைம்மா. பழைய எபிரேயத்துல ஷெயோல்னு ஒண்ணு. செத்தவங்க எல்லாரும் போற இடம். நல்லவங்க, கெட்டவங்க, ராஜா, அடிமை, வித்தியாசம் கிடையாது. இருட்டு, அமைதி, அவ்வளவுதான். நெருப்பெல்லாம் கிடையாது."

"எல்லாரும் ஒண்ணா இருப்பாங்களா?"

"அந்தக் காலத்துல அப்படித்தான் நினைச்சாங்க. கிரேக்கத்துல அதுக்கு ஹாதேஸ்னு சொன்னாங்க. கண்ணுக்குத் தெரியாததுன்னு சிலர் அர்த்தம் சொல்றாங்க. இங்கிலீஷ்ல ஹெல். அதுக்கும் மூல அர்த்தம் மறைச்சு வச்ச இடம், மூடி வச்ச இடம்னுதான்." அவர் உற்சாகமாகிக்கொண்டே போனார். "நெருப்புன்னு ஆண்டவர் சொல்றது வேற வார்த்தை. கெஹென்னா. அது நிஜமாவே ஒரு இடத்தோட பேரு. எருசலேம் பட்டணத்து மதிலுக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கு. ஹின்னோம் பள்ளத்தாக்கு. ஒரு காலத்துல அங்க புள்ளைங்களை நெருப்புல பலி கொடுத்தாங்க. அதனால சபிக்கப்பட்ட இடமாப் போச்சு. அரபியில ஜஹன்னம்னு சொல்றாங்களே, அதுவும் இந்த வார்த்தைதான்."

"மதிலுக்கு வெளியேங்களா?"

"ஆமாம்மா, தெற்குப் பக்கம்..." அவள் எந்த மதிலை நினைக்கிறாள் என்பதை அவர் கவனிக்கவில்லை. "நம்ம பழந்தமிழ்ல நரகத்துக்கு அளறுன்னு ஒரு சொல் இருக்கு. அதுக்கும் நெருப்புக்கும் சம்பந்தமே இல்லை. அளறுன்னா சேறு."

"அவரைத் தூக்குனப்ப வாய் நிறையச் சேறுங்க சாமி" என்றாள் வியாகுலம்மாள். "நான்தான் விரலை விட்டு எடுத்தேன்."

அடைக்கலராஜ் சாமியார் அப்போதுதான் நிறுத்தினார். "உங்களுக்காக வேண்டிக்கிறேன்" என்றார். அவள் எழுந்து ஸ்தோத்திரம் சொன்னாள். அவள் முகம் வந்தபோது இருந்ததைவிடத் தெளிவாக இருந்ததைப் பார்த்து, ஏதோ நல்லது செய்துவிட்டதாக அவர் நம்பினார்.

அந்தத் தெளிவுதான் ஷரபுன்னிசாவைப் பயமுறுத்தியது. வியாகுலம்மாள் அழவில்லை. அடுப்புத் தீயில் கையை வைக்கவில்லை. கையிலிருந்த சட்டைகளையெல்லாம் முடித்துக் கடையில் கொடுத்துவிட்டு, புதுசாக வாங்காமல் வந்தாள். கோழிகளை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தபோது வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பூசைக்குப் போகலையா?"

"வேணும்னே பூசையை விட்டா சாவான பாவம்" என்றாள் வியாகுலம்மாள். ஏதோ ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டவள் மாதிரி சொன்னாள்.

ஐப்பசி பிறந்த சில நாட்களில், ஒரு காலை, ஷரபுன்னிசா காஜாவுக்கு உட்காரலாம் என்று போனபோது வீடு திறந்து கிடந்தது. உள்ளே பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அக்னஸின் கவுன் ஒன்று கொடியில் எப்போதும் தொங்கும். அது மடித்து மாதா சுரூபத்தின் காலடியில் வைக்கப்பட்டிருந்தது. ஷரபுன்னிசா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். பங்குசாமியாரிடம் போக அவளுக்குப் பிடிக்கவில்லை. வியாகுலம்மாள் கடைசியாக யாரிடம் பேசிவிட்டு வந்து இப்படி மாறினாளோ, அவரிடமே போனாள்.

குருமடத்து வாயிலில் காவல்காரன் தடுத்தான். அவள் அங்கிருந்தே கத்தினாள். அடைக்கலராஜ் சாமியார் பாடத்தைப் பாதியில் விட்டு இறங்கி வந்தார்.

"அவகிட்ட என்ன சாமி சொன்னீங்க?"

"நானா? ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாங்க. சொன்னேன்."

"என்ன அர்த்தம்?"

அவர் சொல்லச் சொல்ல, தான் சொன்னதை வியாகுலம்மாள் எப்படிக் கேட்டிருப்பாள் என்பது அவருக்கே கேட்டது. எல்லாரும் ஒன்றாக இருக்கிற இடம். நெருப்பு இல்லை. மதிலுக்கு வெளியே.

"அங்க போக அவளுக்கு நீங்கதான் வழி சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள் ஷரபுன்னிசா.

செபஸ்தியான் ஆற்றில் இறங்கிய இடத்துக்குத்தான் வியாகுலம்மாள் போயிருப்பாள் என்று இருவரும் ஜீயபுரம் பஸ் ஏறினார்கள்; அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், ஷரபுன்னிசா பின்னால். வெள்ளை அங்கியும் துப்பட்டியுமாக இருவரும் இறங்கி வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வரப்பில் ஓடியதைப் பார்த்து, களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "காலையிலேருந்து ஒரு பொம்பளை அங்கதான் நிக்குது" என்று ஒருத்தி கரையைக் காட்டினாள்.

வியாகுலம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். நாணல் வேர்களை ஒரு கையால் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ, உதடு நீலம் பாரித்திருந்தது. பிடியை விட்டால் போதும். அவள் விடவும் இல்லை, ஏறவும் இல்லை.

"அம்மா, வேண்டாம்மா! அது பாவம்!" என்று அடைக்கலராஜ் சாமியார் கரையிலிருந்து கூப்பிட்டார்.

"தெரியும் சாமி. பாவம் பண்ணாத்தானே அங்க போக முடியும்."

ஷரபுன்னிசா செருப்போடு தண்ணீரில் இறங்கி, நாணலைப் பிடித்துக்கொண்டு, வியாகுலம்மாளின் புடவை முந்தானையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "நீ போனா நானும் வரவேண்டியதுதான். எனக்கு நீச்சல் தெரியாது" என்றாள்.

"விடு ஷரபு. பாப்பாவை நினைச்சுட்டேன். அதான் நேரமாயிடுச்சு. அவ தேடுவாளோன்னு."

"சாமி, ஏதாவது சொல்லுங்க!" என்று ஷரபுன்னிசா கத்தினாள்.

"அம்மா, நான் சொன்னது சொல்லுக்கு அர்த்தம்" என்றார் அவர். "இடத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. பங்குசாமிக்கும் தெரியாது. திருச்சபை எத்தனையோ பேரை மோட்சத்துல இருக்காங்கன்னு பேர் சொல்லியிருக்கு. இன்னார் நரகத்துல இருக்காருன்னு ஒருத்தர் பேரைக்கூட இதுவரைக்கும் சொன்னதில்லை."

"தூக்குல தொங்குன யூதாஸு?"

"யூதாஸைக்கூட."

"அப்ப எதுக்கு அவரை மதிலுக்கு வெளியில போட்டீங்க?"

அதற்குச் சட்டம் என்ன என்று அவருக்குத் தெரியும். முழங்கால் போட்டுவிட்டார். என்ன செபம் சொல்வது என்று யோசிக்காமல், வாயில் வந்ததை, குழந்தையிலிருந்து சொல்லிப் பழகிய விசுவாச மந்திரத்தை, உரக்கச் சொல்லத் தொடங்கினார். தண்ணீரில் நின்றவளின் உதடும் பழக்கத்தால் கூடவே அசைந்தது. பிலாத்துவின் அதிகாரத்தில் பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம் செய்யப்பட்டு, பாதாளத்தில் இறங்கி...

"நிறுத்துங்க" என்றாள் வியாகுலம்மாள்.

அவர் நிறுத்தினார்.

"பாதாளத்துல இறங்கிங்கறீங்களே. அது எந்தப் பாதாளம்?"

அடைக்கலராஜ் சாமியாருக்கு லத்தீன் வாக்கியம் நினைவுக்கு வந்தது. அதை அவர் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். இலக்கணத்தோடு பிள்ளைகளுக்குக் கற்றும் கொடுத்திருக்கிறார். ஆனால் அதை இதுவரை காதால் கேட்டதில்லை என்று அப்போது தோன்றியது.

"அட் இன்ஃபெரோஸ்" என்றார் மெதுவாக. "அம்மா, லத்தீன்ல அது இடத்தோட பேரு இல்லை. ஆளுங்களைச் சொல்ற வார்த்தை. 'கீழே இருக்கிறவங்ககிட்ட இறங்கினார்'னு அர்த்தம்."

"கீழே இருக்கிறவங்கன்னா யாரு?"

"பழைய காலத்து நீதிமான்கள்னு ஞான உபதேசத்துல விளக்கம் சொல்லுவோம். மறைக்கக் கூடாது, அதையும் சொல்லிடறேன். ஆனா அந்த வார்த்தையில அப்படி ஒண்ணும் இல்லை. கீழே இருக்கிறவங்க. அவ்வளவுதான் இருக்கு."

ஆறு சத்தம் போட்டுக்கொண்டு போனது. வியாகுலம்மாள் நாணல் வேரைப் பிடித்த கையை மாற்றினாள்.

"ஆண்டவரே அவருகிட்டப் போயிருந்தா," என்றாள் கடைசியில், "நான் பாப்பாகிட்டப் போகலாம்." அப்புறம் முகம் கோணி அழத் தொடங்கினாள். "போயிருப்பாரா சாமி? நிச்சயமாப் போயிருப்பாரா?"

"எனக்குத் தெரியலைம்மா. நம்பறேன்."

ஷரபுன்னிசா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இந்தத் தடவை வியாகுலம்மாள் எதிர்க்கவில்லை. அவளால் கால் ஊன்ற முடியாததால் சாமியாரும் சேறு வரை இறங்கி, இருவருமாகத் தூக்கிக் கரையில் போட்டார்கள். களை எடுத்தவர்கள் ஒரு பழம்புடவையைக் கொண்டுவந்து போர்த்தினார்கள்.

குளிர் கொஞ்சம் விட்டதும் வியாகுலம்மாள் அவரைப் பார்த்துக் கேட்டாள். "ஆண்டவர் அவ்வளவு தூரம் இறங்குனாருன்னா, நீங்க மதிலைத் தாண்டி வரக் கூடாதா? வந்து ஒரு மந்திரம் சொன்னா என்ன?"

அவர் வருகிறேன் என்று சொன்னார்.

சொன்னபடி உடனே வரவில்லை. பயந்தார். பங்குசாமியாரிடம் போய்ச் சாடைமாடையாகக் கேட்டார்; அவர் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மேலிடத்தில் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. இதற்கிடையில் ஷரபுன்னிசா வியாகுலம்மாளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். சில நாள் ஒரு பொத்தான் துளைகூட முடிக்காமல் ஊசியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அந்தச் சாமி வரமாட்டாரு" என்று சொல்லுவாள். "வார்த்தையோட சரி."

கல்லறைத் திருநாள் வந்தது. மத்தியானம் தாண்டியதும் பாலக்கரைச் சனமெல்லாம் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் கூடியது. பங்குசாமியார் பரிவாரத்தோடு வந்து, வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். வியாகுலம்மாள் அக்னஸின் சிலுவைக்கு மாலை போட்டுவிட்டு, மதிலுக்கு வெளியே வந்து, மேடு தட்டிப்போன அந்த மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஷரபுன்னிசா தள்ளி ஒரு வேலமரத்தடியில் நின்றாள்.

அடைக்கலராஜ் சாமியார் தனியாக நடந்து வந்தார். அடக்கத்துக்குத் தோளில் போடுகிற கறுப்பு ஸ்தோலா போட்டிருந்தார். கையில் ஒரு சின்னத் தீர்த்தச் செம்பு. தோட்டத்துக்குள் நுழைந்து, கூட்டத்தின் நடுவே, யாரையும் பார்க்காமல் நடந்து, பின்பக்கத்து இடிந்த மதில் வழியாக அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினார். மதில்மேல் தலைகள் முளைத்தன. அவர் மண்மேட்டின் முன்னால் நின்று அடக்க மந்திரத்தை ஆரம்பித்தார். செம்பிலிருந்து தண்ணீர் அங்கியில் சிந்தியது.

கோயில் உபதேசியார் ஓடி வந்தார். "சாமி, பங்குசாமி உடனே நிறுத்தச் சொல்றாரு."

அவர் நிறுத்தவில்லை. குரல் மட்டும் இன்னும் தாழ்ந்தது. "செபஸ்தியான்" என்று பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் பெயரைச் சொன்னார். இரண்டு மாதமாக அந்தப் பெயரை ஒரு சாமியார் வாயிலிருந்து கேட்காத வியாகுலம்மாள் அப்படியே மண்ணில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அப்போது மதில் இடிசல் வழியாக ஒரு பெண் கையில் எரிகிற மெழுகுவத்தியோடு இறங்கி வந்தாள். சந்தையில் கீரை விற்கிற அற்புதம்மாள். அவள் செபஸ்தியானிடம் வரவில்லை. கொஞ்சம் தள்ளி, நெருஞ்சி படர்ந்த ஓரிடத்துக்குப் போய், முள்ளைக் கையால் விலக்கி மெழுகுவத்தியை நட்டாள். ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னால் செத்துப்போன அவள் பிள்ளை அங்கேதான் இருந்தது. அந்த மாதிரிப் பிள்ளைகளையும் மதிலுக்கு வெளியேதான் புதைப்பார்கள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி இறங்கினாள். பிறகு ஒரு வயதானவள், மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு. அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. அடைக்கலராஜ் சாமியார் செபஸ்தியானின் மண்ணில் தீர்த்தம் தெளித்துவிட்டு, அந்தப் பெண்களிடம் ஒவ்வொருவராகப் போனார்.

மார்கழி பிறப்பதற்குள் அவரை மாற்றிவிட்டார்கள். தெற்கே, பஸ் போகாத ஒரு பொட்டல் ஊருக்கு. அங்கே எபிரேயம் படிக்க யாரும் இல்லை. சட்டமும் மாறவில்லை, மதிலும் மாறவில்லை. இடிந்திருந்த இடத்தை மட்டும் கொத்தனை விட்டு அடைத்தார்கள்.

வியாகுலம்மாளுக்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுபடி பூசைக்குப் போனாள். சில நாள் கோயிலில் உட்கார்ந்திருக்கும்போதே, புருஷன் எங்கே இருக்கிறாரோ என்ற பயம் வந்து, எழுந்து வெளியே வந்துவிடுவாள். அப்போதெல்லாம் ஷரபுன்னிசாவிடம் வந்து, "நிச்சயமாத் தெரிஞ்சா நல்லாயிருக்கும்" என்பாள். "யாருக்குடி தெரியுது?" என்பாள் அவள்.

அந்தக் கார்த்திகையில் நாள் கணக்காக அடைமழை பிடித்தது. மழை விட்டதும் வியாகுலம்மாள் போய்ப் பார்த்தபோது செபஸ்தியானின் மண் உள்வாங்கி, குழி விழுந்து, தண்ணீர் தேங்கியிருந்தது. அவள் கூடை எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்து செம்மண் சுமக்கத் தொடங்கினாள். அற்புதம்மாளும் தன் பிள்ளையின் இடத்தைப் பார்க்க வந்திருந்தாள். கேட்காமலே ஒரு கூடையை எடுத்துக்கொண்டாள். இருவரும் மாறி மாறி மண் கொண்டுவந்து கொட்டி, காலால் மிதித்து இறுக்கினார்கள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட நான் பேசினதே இல்லை" என்றாள் அற்புதம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "எப்படிப்பட்ட மனுசன்?"

அவன் எப்படிச் செத்தான் என்றுதான் எல்லாரும் கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்டதில்லை. வியாகுலம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

"ரொம்பப் பேசுவாரு" என்றாள். "கல்யாணமான புதுசுல, மிஷின் மிதிக்கிறப்பகூட வாய் ஓயாது. ஒரு தடவை என்ன ஆச்சு தெரியுமா..."